கந்தல் பிளாக்

கோகிலவாணி வீட்டுச் சுவரில் காலையில் விரிசல் இருக்கும், மத்தியானம் இருக்காது. இப்படியொரு புகாரை எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது?

அடுப்பு மேடைக்குப் பின்னால், மேலிருந்து கீழாக, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். அதன் வழியாக வரும் காற்று அடுப்பை அணைத்து அணைத்து விளையாடும். வீட்டைக் கட்டிய கம்பெனிக்கு போன் போட்டால், "இதோ வந்துட்டே இருக்கோம்" என்பார்கள். ஆள் வந்து சேரும்போது வெயில் உச்சியில் நிற்கும். சுவர் வழவழவென்று, பச்சைப்பிள்ளை கன்னம் போல இருக்கும். வந்தவன் சுவரைப் பார்ப்பான், கோகிலவாணியைப் பார்ப்பான், கடைசியாக அவள் புருஷன் தனபாலைப் பார்த்து ஐயோ பாவம் என்று ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு உச்சி மண்டை வரைக்கும் எரியும்.

போட்டோ எடுத்து அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினாள். போட்டோவை இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட யானை பறப்பதைப் படம் செய்து காட்டுகிறார்கள். "நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா" என்று பதில் வந்தது.

ஆற்று மணலை அள்ளக் கூடாது என்று சட்டம் வந்து, உடைத்துப் பொடியாக்க மலையும் மிச்சமில்லாமல் போன பிறகு, வீடு கட்ட வந்த சரக்கு இந்தச் சுவர். திருப்பூர் பனியன் கம்பெனிகள் கழித்துப் போடும் பாலியெஸ்டர் துணியையும், குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டில்களையும் உருக்கி நூலாக இழுத்து, பாய் மாதிரி நெய்து, பசை ஊற்றி இறுக்கினால் பலகை. பலகையைப் பலகையோடு ஒட்டினால் வீடு. வெடிப்பு விட்டால் கவலையில்லை. வெயில் ஏறியதும் பசை இளகி, வெடிப்புக்குள் ஓடி நிரப்பி, பொழுது சாய்வதற்குள் இறுகிவிடும். புண் ஆறுவதுபோல் தானே ஆறுகிற சுவர் என்பதால் 'ஆறுசுவர்' என்று பெயர் வைத்தார்கள். பூங்காட்டுப்புதூர் தொழிலாளர் குடியிருப்பில், டி பிளாக் நாலாவது மாடிக்குக் குடிவந்த அன்றே தனபால் கம்பெனி ஆளைப் பிடித்துக்கொண்டான். "நானும் எண்ணி எண்ணிப் பாக்கறனுங்க, நாலுதான் இருக்குது. மிச்சம் ரெண்டு செவுரு எங்கீங்க?"

கம்பெனி ஆள் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாதவர்களை நம்பக் கூடாது என்று தனபால் அன்றைக்கே சொன்னான்.

கோகிலவாணிக்கு ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து முடித்த துணியை விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை தெரிந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். பொழுதெல்லாம் குறை பார்த்துக் கூலி வாங்குகிற கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு குறை வருவதும், சாட்சி சொல்வதற்குள் ஓடிப்போவதுமாக இருந்தால் ஒருத்தி எத்தனை நாள் பொறுப்பாள்?

ஒரு நாள் காற்றுத் தொந்தரவு தாங்காமல் பழைய பருத்தி பனியன் ஒன்றைச் சுருட்டி வெடிப்பில் திணித்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பனியன் தரையில் கிடந்தது. சுவர் அதைத் துப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. மறுநாள் கைக்கு அகப்பட்டது பனியன் கம்பெனியிலிருந்து எடுத்து வந்த கட்டிங் வேஸ்ட். பந்து விளையாடுகிறவர்கள் போடும் ஜெர்சித் துணி, நல்ல சிவப்பு. அதைத் திணித்தாள். பொழுது சாய வந்து பார்த்தால் வெடிப்பு மூடியிருந்தது. ஆனால் ஒரு முழச் சிவப்புத் துணி சுவருக்குள்ளிருந்து நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

"ஏனுங்க, இதைச் சித்த இழுங்க."

தனபால் இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். பிறகு சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். கை நழுவித் தரையில் உட்கார்ந்தானே தவிர, துணி அசையவில்லை.

"புடிச்ச புடிய உட மாட்டேங்குது புள்ள. உன்னையாட்டவே இருக்குது."

கோகிலவாணி அவன் கேலியைக் காதில் வாங்கவில்லை. அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. "இது ஸ்டிக்கருங்க! இனி மூடட்டும் பாக்கலாம். எத்தன தடவ மூடினாலும் எங்க வெடிச்சுதுன்னு இது சொல்லும்."

அடுத்த காலை இன்னொரு வெடிப்பில் மஞ்சள். அதற்கடுத்து நீலம். பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்து குடியேறிய மினோத்தி இருந்தாள். தமிழ் படித்ததே திருப்பூரில் என்பதால் ஊர்க்காரர்களைவிட அதிகமாக 'ங்க' போடுவாள். "அக்கா, எங்க வீட்லயும் இருக்குதுங்க. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லலீங்க" என்று வந்து நின்றாள். கேட்டால், எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஆளாளுக்குத் தன் கண்தான் கோளாறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எவ்வளவு பேரின் வாயை இந்த ஒரு சுவர் அடைத்து வைத்திருந்தது என்று நினைத்தபோது கோகிலவாணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆடி பிறப்பதற்குள் டி பிளாக் முழுக்கத் துணி தொங்கியது. உள்ளே, வெளியே, மாடிப்படி வளைவில், தண்ணீர்த் தொட்டி அடியில். எல்லாம் அயல்நாட்டு டீம்களுக்குத் தைத்தது போக மிஞ்சிய ஜெர்சி. "அர்ஜென்டினாவுக்கு பாத்ரூம் பக்கம் செம அடி. பிரேசில் மொட்டமாடியில தாக்குப்புடிக்குது" என்று தனபால் வந்தவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டினான். பைபாஸில் போகிற பஸ் ஜன்னலிலிருந்தே கட்டடம் பறந்துகொண்டிருப்பது தெரியும்.

கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு தள்ளு ஏணியும் இரண்டு ஆட்களும் கத்தியோடு வந்தார்கள். வெளியே தொங்கிய துணியையெல்லாம் சுவரை ஒட்டி வழித்து அறுத்தார்கள். கோகிலவாணி ஏணிக்குக் கீழே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அறுங்க தம்பி, நல்லா அறுங்க. நாளைக்குக் காலைல மறுபடியும் வெடிக்கும், மறுபடியும் வெப்போம். திருப்பூர்ல வந்து எங்களுக்குத் துணிப் பஞ்சம் காட்டறீங்களா?"

"அழகு கெடுதுங்கறாங்கக்கா. வர்றவங்க போறவங்க என்ன நெனைப்பாங்க?"

"செவுரு வெடிச்சிருக்குதுன்னு நெனைப்பாங்க. அதுக்குத்தான வெச்சிருக்கறோம்!"

ஏணி போன மறுநாளே துணி முளைத்தது. இந்த முறை இன்னும் நீளமாக.

கம்பெனி ஒரு பக்கம் இருக்கட்டும். கோகிலவாணிக்கு நெஞ்சில் தைத்தது வேறு. எதிரே பி பிளாக் மூன்றாவது மாடியில் இருந்தாள் அவள் கூடப்பிறந்த தங்கை மோகனப்பிரியா. புருஷன் சாயப்பட்டறை வேலையாக வெளியூரில். அவளும் மூன்று வயசு மகள் ஆதிரையும்தான். டி பிளாக்குக்குக் 'கந்தல் பிளாக்' என்று பெயர் சூட்டியது பி பிளாக்காரர்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னது மோகனா என்று ஒரு பேச்சு உண்டு. அவளிடம் கேட்டால் இல்லை என்பாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"உங்க பிளாக் பக்கம் திரும்பினாவே எனக்கு மானம் போகுது" என்றாள் மோகனா. "எங்களுதைப் பாரு. ஒரு கீறல் இருக்குதா?"

"காலைல எந்திரிச்சதும் பாத்தியா?"

"காலைல எந்திரிச்சதும் பாப்பாளுக்குப் பால் காச்சறதா, செவுத்தைத் தடவிட்டு நிக்கறதா? செக்கிங்ல இருந்து இருந்து உன்ற கண்ணுக்கு எல்லாத்துலயும் குறைதான் தெரியுது."

கடைசியில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. அதிகமாகப் புகார் சொல்கிற டி பிளாக்கையே சோதித்துப் பார்த்துவிடுவது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, தளம் தளமாகத் தண்ணீர் மூட்டைகளை அடுக்கினார்கள். சோதனை நடத்த வந்தவள் கம்பெனியின் பாலிமர் என்ஜினீயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண், சிரித்த முகம். மூட்டை ஏற ஏறக் கோகிலவாணி மைதானத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் வெட்கம், தன் வீடு இடிய வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். இடிந்தால்தானே அவள் சொன்னது உண்மை?

கட்டடம் இடியவில்லை. கம்பீரமாக நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா கெடந்த செவுத்தை இத்தன நாள் சந்தி சிரிக்க வெச்சுட்டியே அம்மிணி" என்றார் ஒருவர். மூட்டைகளை இறக்கி முடித்ததும் கோகிலவாணி வீட்டுக்கு ஏறிப்போய், அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். அவமானத்தில் வந்த அழுகை அது.

மூன்றாம் நாள் ஜெசிந்தா கதவைத் தட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பிளாக் தாங்கிட்டு. அது நெசம். ஆனா தாங்கினது சுவரு இல்ல. உங்க துணி."

"வெளங்கற மாதிரி சொல்லு கண்ணு."

"ஒவ்வொரு தடவ மூடும்போதும் சுவருக்குப் பசை வேணும்லா? அதை எங்கேருந்து எடுக்கும்? தனக்குள்ளேருந்துதான் எடுக்கும். மேல் தோல் ஆறிரும். உள்ள சதை கொறைஞ்சுக்கிட்டே போகும். எப்பவாச்சும் ஒரு வெடிப்புன்னா பரவால்ல. இங்க பருத்தி வெளைஞ்ச கரிசல் மண்ணு. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். கட்டடம் தெனமும் அசையுது, தெனமும் வெடிக்குது, தெனமும் மூடுது. நாங்க லேப்ல உக்காந்து இதை யோசிக்கல."

"அப்ப எங்களுது?"

"உங்க ஜெர்சியும் சுவரும் ஒரே வம்சம், ரெண்டும் பாலியெஸ்டர். பருத்தி வேற, அதான் துப்பிருச்சு. சுவரு உங்க துணியோட ஓரத்தைக் கரைச்சு அதையே பசையா எடுத்துக்கிடுச்சு. மிச்சத் துணி ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கிடுச்சு. பலவீனமான எடத்துலதான வெடிப்பு வரும்? அங்கெல்லாம் தேடித் தேடித் தச்சு வெச்சிருக்கீங்க."

கோகிலவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்டிக்கருன்னு வெச்சேன். தையலாப் போச்சா!"

ஜெசிந்தா சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"மத்த பிளாக்கெல்லாம்?"

"பி பிளாக்தான் ரொம்ப மோசம். பள்ளத்துல நிக்கு. கருவி வெச்சுத் தட்டிப் பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்லக்கா, வெறும் தோலு."

"நாங்க இப்பவே போய்த் துணி வெச்சா?"

"தைக்கறதுக்குத் துணியில எடம் இருக்கணும்லா? அந்தச் சுவரு இத்துப் போச்சு. நாளைக்கும் விழலாம், அடுத்த மழைக்கும் விழலாம். முதல்ல ஆள வெளிய கொண்டுவரணும்."

"கம்பெனிக்குச் சொன்னியா?"

"சொன்னேன். எங்க மேலாளர் விஸ்வேஸ்வரன் சார் உக்கார வெச்சுப் பொறுமையாக் கேட்டாரு. ரொம்ப நன்றின்னாரு. மறுநாளே விழாவுக்கு நாள் குறிச்சுட்டாங்க. நாலு பிளாக்கும் பத்திரம்னு அறிவிக்கப் போறாங்க. புகார் சொன்ன பிளாக்கே தாங்கிருச்சு, சொல்லாத பிளாக்குக்கு என்ன வந்துச்சுன்னு கேக்காங்க."

கோகிலவாணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் சண்டை போட்டது இவர்களுக்கு எதிராக. அந்தச் சண்டையே இப்போது இவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. அவள் பிடிவாதத்தால் நின்ற கட்டடத்தைக் காட்டி, அவள் தங்கையை விழப்போகிற கட்டடத்தில் உட்கார வைக்கிறார்கள். இதைவிட ஒருத்தியை எப்படித் தோற்கடிப்பது?

"நீயே மைக்குல சொல்லீரு அம்மிணி."

"அளந்த கணக்கெல்லாம் அவங்க கையில இருக்குக்கா. என்னையே பொய்க்காரின்னு சொல்லிருவாங்க." ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். "பயமாவும் இருக்கு. மறைக்கல."

அன்று சாயங்காலமே கோகிலவாணி தங்கை வீட்டுக்குப் போனாள். சொன்னாள். கெஞ்சினாள். கத்தினாள். ஆதிரை பயந்துபோய் அம்மா சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"மொதல்ல உங்க பிளாக் விழும்ன" என்றாள் மோகனா. "அது விழலைன்னதும் இப்ப எங்களுதுங்கற. உன்ற பேச்சு பலிக்கோணும்னா என்ற வீடு இடியோணுமா அக்கா? பாரு இந்தச் செவுத்தை. தொட்டுப் பாரு!"

கோகிலவாணி தொடவில்லை. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. சுவரைக் காட்டிப் பயனில்லை; சுவர் பொய் சொல்கிறது. உண்மை தெரிந்த பெரிய ஆள் கம்பெனியில் இருக்கிறார். ஆனால் அவரும் வாயால் சொல்ல மாட்டார். வாயால் சொல்லாததை வேறு எதால் சொல்ல வைப்பது?

படியிறங்கப் போனவள் நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, உடு. விழாவுக்கு வர்ற பெரிய ஆபீசர் உன்ற வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தா, குடுப்பியா?"

மோகனாவின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "நெசமாவா? என்ற வீட்டுக்கா? என்னக்கா கேள்வி இது? டிகாக்சனே போட்டு வெச்சர்றேன்!"

விழா நாளன்று நாலு பிளாக்குக்கும் நடுவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். இரு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி. பி பிளாக்காரர்கள் முன்வரிசையில், நல்ல உடுப்பில். டி பிளாக்காரர்கள் பின்னால். மண்டல மேலாளர் விஸ்வேஸ்வரன் சந்தன நிறச் சட்டையும் நல்ல குரலுமாக இருந்தார். அப்படிப்பட்ட குரல் இருப்பவர்களுக்குப் பாதி வேலையைக் குரலே பார்த்துவிடும். நாலு பிளாக்கும் பத்திரம், இன்னும் இரண்டு தலைமுறைக்கு யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அவர் சொன்னதும் முன்வரிசை கை தட்டியது. ஜெசிந்தா மேடை ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கோகிலவாணி எழுந்தாள். தனபால் அவள் முந்தானையைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிவிட்டு, விட்டுவிட்டான். அவள் எழுந்தால் உட்கார மாட்டாள் என்று அவனுக்குத் தெரியாதா?

"சார், ரெண்டு வார்த்தை பேசிக்கறனுங்க."

கூட்டம் முனகியது. விஸ்வேஸ்வரனுக்கு அவளைத் தெரியும், யாருக்குத்தான் தெரியாது? கெட்டிக்காரர், சிரித்த முகத்தோடு மைக்கைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் இத்தன நாள் கம்பெனியப் பத்தி என்னென்னவோ பேசிட்டனுங்க. செவுரு தாங்கிருச்சு. பேசினது பேசினதாப் போகட்டும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காம எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போகோணும். எல்லாரு முன்னாலயும் கூப்பிடறனுங்க."

விஸ்வேஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. டி பிளாக் நாலாவது மாடி விரிசல் பைத்தியமே கூப்பிடுகிறது! போட்டோக்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"கண்டிப்பா வர்றேம்மா. நாலு மாடி என்ன, நாப்பது மாடின்னாலும் ஏறி வருவேன். வீடு பத்திரமா இருக்குன்னு நான் வந்து உட்கார்ந்து காட்டுறதைவிட வேற என்ன வேணும்?"

சரியான கை தட்டல். அவர் மேடையிலிருந்து இறங்கி, துணி பறந்துகொண்டிருந்த டி பிளாக்கைப் பார்த்து வேகமாக நடந்தார்.

"அக்கட்ட இல்லீங்க சார்" என்றாள் கோகிலவாணி. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "இக்கட்ட. பி பிளாக். மூணாவது மாடி."

அவர் கால் நின்றது.

"உங்க வீடு டி-யிலதானே?"

"தங்கச்சி வீடும் எங்க வீடுதானுங்க. காப்பி அங்கதான் போட்டிருக்குது."

பி பிளாக் வாசலில் மோகனா நின்றாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. மேலே வரை அழைத்துப்போகத் தானே இறங்கி வந்திருந்தாள். "வாங்க சார், வாங்க!"

விஸ்வேஸ்வரன் பி பிளாக்கை ஏறிட்டுப் பார்த்தார். கீறலில்லாத, கறையில்லாத, வெயிலில் மினுமினுக்கிற சுவர். அதைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தார். அந்த ஒரு அடியை முன்வரிசை முழுக்கப் பார்த்தது.

"வந்தும்மா... முட்டி கொஞ்சம் வலி. மாடி ஏறுறதுன்னா..."

"நாப்பது மாடி ஏறுவேன்னீங்களே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தனபாலுடைய குரல்தான்.

"டைமும் ஆயிடுச்சு."

"நாலாவது மாடிக்கு இருந்த டைமு மூணாவது மாடிக்கு இல்லீங்களா?" என்றாள் கோகிலவாணி. அவள் குரலில் கேலி இல்லை. ஏறிவிடுங்கள் என்று அவள் மனசு அவரை வேண்டியது. ஏறினால் அவள் தோற்பாள்; ஆனால் தங்கை வீடு நிற்கும் என்று ஒரு நம்பிக்கையாவது கிடைக்கும்.

அவர் ஏறவில்லை.

"சார், காப்பி ஆறுதுங்க" என்றாள் மோகனா. சிரித்தபடியேதான் சொன்னாள். ஆனால் ஒறம்பரை என்று விருந்தாளியை வாசல்வரை கூப்பிட்டு, வந்தவர் உள்ளே வராமல் நின்றால் ஒரு பெண்ணின் முகம் எப்படிச் சுண்டிப்போகுமோ, அப்படிச் சுண்டத் தொடங்கியிருந்தது. "எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்களா சார்?"

விஸ்வேஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். ஜெசிந்தா கண்ணில் பட்டாள். அவருக்கு வழி கிடைத்துவிட்டது. "கம்பெனி சார்பா நம்ம என்ஜினீயர் வருவாங்கம்மா. ஜெசிந்தா, நீங்க மேல போய்க் குடிச்சுட்டு வாங்க."

ஜெசிந்தா கட்டிய கையை அவிழ்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மாட்டேன் சார்."

"என்ன?"

"நான் அந்தப் படியில கால வெக்க மாட்டேன் சார். ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

யாரும் கை தட்டவில்லை. மோகனா அக்காவைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"பாப்பா தூங்கறா" என்றாள். "அக்கா, பாப்பா மேல தூங்கறா."

பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கோகிலவாணி மைக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். மூன்று மாடியும் அன்றைக்கு முடியாமல் நீண்டது. படியில் கால் படும்போதெல்லாம் சுவருக்குள்ளிருந்து வெற்று டப்பாவைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. இல்லை, அது பயத்தில் கேட்ட சத்தமாகவும் இருக்கலாம். ஆதிரையைப் பாயோடு வாரியெடுத்துக்கொண்டு இறங்கி வரும்போது, படியெல்லாம் ஆட்கள். பி பிளாக்கின் எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஒருவர் தூக்க முடியாமல் ஒரு கேஸ் அடுப்பைத் தூக்கி வந்தார். ஒருத்தி நோயாளி மாமனாரை முதுகில் சுமந்து வந்தாள். ஒருவருக்கொருவர் முட்டிக்கொள்ளாமல், சண்டையில்லாமல், சத்தமில்லாமல் வந்தார்கள். டி பிளாக்காரர்கள் ஓடிவந்து கையில் வாங்கிக்கொண்டார்கள். கந்தல் பிளாக் என்று சொன்ன வாய் ஒவ்வொன்றுக்கும் அன்று மினோத்தி தண்ணீர் கொடுத்தாள்.

விஸ்வேஸ்வரன் மறுபடி மைக்கை எடுத்தார். நல்ல குரல் கொஞ்சம் தடுமாறியது.

"யாரும் பதற வேண்டாம். கட்டடம் நூற்றுக்கு நூறு பத்திரம். நான் எதுவும் சொல்லலையே? வதந்தியை நம்பாதீங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க."

ஷாமியானா நாற்காலியில் மோகனா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை அரைத் தூக்கத்தில் சிணுங்கியது. பூ ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. அக்காவைப் போலவே நிமிர்ந்து பார்த்தாள்.

"போலாமுங்க சார். மொதல்ல நீங்க போங்க, நாங்க பின்னாலயே வர்றோம்."

அவர் நின்றார். பி பிளாக் முழுக்க நாற்காலிகளில் உட்கார்ந்து, அவர் உள்ளே போவதற்காகக் காத்திருந்தது.